மாப்பிள்ளைக்கு எடுத்த சட்டைகள்

பையை மேல வைக்க வேண்டாமுங்க தம்பி, இங்க கீழயே வெச்சுக்கலாம். கையைத் தூக்குனீங்கன்னா சட்டை வெளிய வந்துரும். இன் பண்ணின சட்டை ஒருக்கா வெளிய வந்துருச்சுன்னா, மறுபடி என்னதான் உள்ள தள்ளுனாலும் காலையில பண்ணின மாதிரி வராது. உக்காருங்க.

தப்பா நினைக்காதீங்க, நீங்க ஏறுனதுமே உங்க சட்டையத்தான் பார்த்தேன். சாம்பல் கலர்ல மெல்லிசுக் கோடு. முழுக்கை. பேண்ட்டு அதுக்கு ஏத்த கறுப்பு. பெல்ட்டும் ஷூவும் ஒரே கலரு. இந்தக் காலத்துல, உங்க வயசுல, இப்படி ஒருத்தரைப் பார்க்கறதே அபூர்வமுங்க. எந்த ஊருக்குப் போறீங்க? ஈரோடா. நாங்க கோயமுத்தூரு, சிங்காநல்லூர். இது என் வீட்டுக்காரம்மா, மரகதம். தூங்கறா. முட்டி ஆபரேஷன் பண்ணியிருக்குது, காலை நீட்டி வெக்கச் சொல்லியிருக்காங்க, அதான் உங்க சீட்டு வரைக்கும் வருது. மெட்ராசுல பொண்ணு வீட்டுல தங்கி ஆபரேஷன் முடிச்சுட்டு இப்பத்தான் ஊருக்குத் திரும்பறோம். தைப்பூசம் கழிச்சு வந்தவங்க. இப்ப வெயில் காலமே முடியப் போகுது.

அத்தனை நாளு பொண்ணு வீட்டுல உக்காந்து சாப்பிடறதுன்னா சும்மாவா. ஆனா நான் சும்மா இருக்கலீங்க. எங்க மாப்பிள்ளைக்குத் துணிமணி சரி பண்ணிக் குடுத்துட்டு வந்திருக்கறேன். அதுல எனக்கு நடந்த அவமானம் இருக்குது பாருங்க, அதை யாருகிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். ஈரோடு வர்றதுக்குள்ள முடிஞ்சுரும்.

என் பேரு தெய்வசிகாமணிங்க. ஒரு மில்லுல டைம் ஆபீசுல இருந்தேன். ஆளுக எப்ப வர்றாங்க, எப்பப் போறாங்கன்னு பார்க்கற வேலை. அப்புறம் ஒரு பாலிடெக்னிக்குல ஆபீஸ் மேனேஜர். பெரிய சம்பளமில்லை. ஆனா உடுப்புல மட்டும் நான் ஒருநாளும் குறை வெச்சதில்லை. மில்லுக்கு ஒருதடவை வெளியூரு பஞ்சு வியாபாரி ஒருத்தரு வந்தாரு. நேரா என்கிட்ட வந்து கும்பிட்டு, 'மேனேஜருங்களா'ன்னு கேட்டாரு. மேனேஜரு பக்கத்துலயே நிக்கறாரு, கசங்குன சட்டையோட. நான் இல்லைன்னு சொல்லீட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொன்னேன், ஆனா சொல்லீட்டேன்.

இந்துமதி எங்களுக்கு ஒரே பொண்ணு. ஆடிட்டர் ஆபீசுல வேலை. மாப்பிள்ளை நவநீதன், கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனி. நல்ல மனுசனுங்க, அதுல ஒண்ணும் குறை சொல்லக் கூடாது. மாமான்னா எந்திரிச்சு நிப்பாரு. ஆனா எதைப் போட்டுட்டு எந்திரிச்சு நிப்பாருன்னு கேளுங்க.

நாங்க போன மறுநாள் காலையில பத்து மணி இருக்கும். மாப்பிள்ளை ரூம்புல லேப்டாப்பை மடியில வெச்சுட்டு உக்காந்திருக்காரு. முட்டிக்கு மேல நிக்கற டிராயரு. மேல ஒரு டி-ஷர்ட்டு, ஏதோ ஓட்டப்பந்தயத்துல சும்மா குடுத்தது, நெஞ்சு பூரா விளம்பரம். கழுத்து இழுபட்டு தோளு தெரியுது.

'ஏனுங் மாப்ள, இன்னைக்கு வேலைக்குப் போகலீங்களா?'ன்னு கேட்டேன்.

'வேலையிலதானுங்க மாமா இருக்கறேன்'ன்னாரு.

அந்தக் கோலத்துல ஒரு ஆளு வேலையில இருக்கறாருன்னா, அந்த வேலை எத்தனை நாளைக்கு நிக்குமுங்க?

மத்தியானம் அவரு சாப்பிட உக்காந்த நேரத்துல கப்போர்டைத் திறந்து பார்த்தேன். அடுத்தவங்க கப்போர்டைத் திறக்கற பழக்கமெல்லாம் எனக்கு இல்லீங்க. ஆனா மாப்பிள்ளை அடுத்தவங்க இல்லையே. உள்ள அதே மாதிரி டி-ஷர்ட்டுக ஒரு அடுக்கு. ரெண்டு ஜீன்ஸு, ஒண்ணுல முட்டி கிழிஞ்சு கிடக்குது. கிழிச்சேதான் விக்கறாங்களாம். கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு சூட்டு பிளாஸ்டிக் உறையில தொங்குது. எல்லாத்துக்கும் அடியில, தீபாவளிக்குத் தீபாவளி நான் எடுத்துக் குடுத்த சட்டைக. குண்டூசி கூட எடுக்காம அப்படியே.

கோவப்படலீங்க. பரிதாபம்தான் பட்டேன். ஆபீசுக்குன்னு ஒரு உடுப்பு, லீவு நாளைக்குன்னு ஒரு உடுப்புன்னு அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. ஞாயித்துக்கிழமையும் திங்கக்கிழமையும் ஒரே மாதிரி தெரியற மனுசனுக்கு வாரம்னு ஒண்ணு எங்கிருந்து வரும்?

ராத்திரி சாப்பிடறப்ப இதை எடுத்துச் சொன்னேன். இந்து, 'அப்பா, அவரு வேலையில யாரும் அவரைப் பார்க்கறதே இல்லைப்பா'ன்னா. 'யாரும் பார்க்காதப்பத்தான் அம்மிணி ஒழுங்கா இருக்கோணும்'னேன். மாப்பிள்ளை சிரிச்சாரு. 'மாமா சொல்றதும் சரிதான்'னாரு. அந்த ஒரு வார்த்தை போதுமுங்களே எனக்கு.

நான் ஒண்ணும் ஆடம்பரமாச் சொல்லலை. அடிப்படையா ஒரு ஆம்பளைக்கு என்ன வேணும்? வெள்ளை, வெளிர் நீலம், ஒரு மெல்லிசுக் கோடு, ஒரு சந்தனக் கலரு, இப்படி வாரத்துக்கு ஆகற மாதிரி முழுக்கைச் சட்டை. கறுப்பு, சாம்பல், கருநீலம்னு பேண்ட்டு. எந்தச் சட்டையை எடுத்து எந்தப் பேண்ட்டோட போட்டாலும் ஒத்துப் போகோணும், அதுதான் சூட்சுமம். லீவு நாளைக்குக் காலர் வெச்ச டி-ஷர்ட்டு, ஒரு காட்டன் பேண்ட்டு. விசேஷத்துக்கு வேட்டி சட்டை. முடிஞ்சு போச்சு. இவ்வளவு இருந்தா ஒரு மனுசன் எங்க வேணும்னாலும் தலை நிமிர்ந்து போயிட்டு வரலாம்.

மரகதத்துக்குத் தையல் பிரிச்ச பின்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளையை அரை நாளு லீவு போட வெச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். நானேதான் செலவுன்னு சொல்லீட்டேன். அவரு ஒரு சட்டைக்கே சரின்னாரு. நான் கையில அடுக்கிட்டே போறேன். ட்ரையல் ரூம்புக்குள்ள போறதும் வர்றதுமா இருந்தாரு. கருநீலப் பேண்ட்டைப் போட்டுப் பார்க்க உள்ள போனவரு வரவே இல்லை. உள்ள போன் அடிச்சுது. 'ஓகே, ஓகே'ன்னு இங்கிலீஷ்ல பேசறாரு. அப்புறம் பேச்சும் நின்னு போச்சு, ஆளும் வரலை. வெளிய நாலு பேரு துணியோட வரிசையில நிக்கறாங்க. நான் கதவைத் தட்டி, 'மாப்ள, இடுப்பு பிடிக்குதுங்களா?'ன்னேன்.

'இல்லீங்க மாமா. சரியா இருக்குது.'

வெளிய வந்தாருங்க. வெள்ளைச் சட்டை, கருநீலப் பேண்ட்டு. நேரா கண்ணாடி முன்னாடி போய் நின்னு தன்னையே பார்த்துட்டு இருந்தாரு. ரொம்ப நேரம். கண்ணு கூடக் கொஞ்சம் கலங்குன மாதிரி இருந்துச்சு. நல்ல துணி ஒரு மனுசனை அப்படிப் பண்ணுமுங்க. அனுபவிக்கட்டும்னு விட்டுட்டேன். அதுக்குள்ள இன்னும் ரெண்டு சட்டை கையில எடுத்து வெச்சிருந்தேன்.

'மாமா, போதுமுங்க. ரெண்டு சட்டை இருந்தாப் போதும். மத்ததெல்லாம் வேண்டாமுங்க.'

'தினமும் வேலைக்குப் போற ஆளுக்கு ரெண்டு சட்டை எப்படிங்க போதும்?'

அவரு என் மூஞ்சியைப் பார்த்தாரு. அப்புறம், 'சரிங்க மாமா'ன்னாரு.

திங்கக்கிழமை காலையில பாருங்க அதிசயத்தை. நான் பேப்பர் படிச்சுட்டு இருக்கறேன், மாப்பிள்ளை ரூம்புல இருந்து வர்றாரு. வெளிர் நீலச் சட்டை, சாம்பல் பேண்ட்டு, ஷூ, தோள்ல லேப்டாப் பை. எனக்கு ஒரு நிமிசம் அடையாளமே தெரியலை. 'என்ன மாப்ள, ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்களா?'ன்னேன். அவரு இந்துவைப் பார்த்தாரு. இந்து அடுப்பைப் பார்த்தா.

'ஆமாங்க மாமா'ன்னாரு.

சாயங்காலம் பை இல்லாம வந்தாரு. லேப்டாப் எங்கன்னு கேட்டா, ஆபீசுலயே குடுத்துட்டு வந்துட்டாராம். ஆபீசு வேலை ஆபீசோட, வீடு வீடோட. ஒரே நாள்ல அந்த ஒழுங்கு வந்துருச்சுங்க. அன்னைக்கு ராத்திரியே ஊருல என் தம்பிக்கு, இந்துவோட பெரியம்மாவுக்கு, மாப்பிள்ளையோட அப்பாவுக்குக் கூட போன் போட்டுச் சொன்னேன். 'வீட்டுல டிராயரோட உக்காந்திருந்த பையன், உடுப்பை மாத்துனதும் ஆபீசுல கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாங்க'ன்னு. சம்பந்தி, 'உங்க கைராசிங்க'ன்னாரு. மாப்பிள்ளை பக்கத்து ரூம்புலதான் இருந்தாரு, கேட்டிருப்பாரு. கேக்கட்டும்னுதான் கொஞ்சம் சத்தமாப் பேசுனேன்.

அதுக்கப்புறம் தினமும் காலையில சட்டை தேய்க்கறது என் வேலை. யாரும் சொல்லலை, நானா எடுத்துக்கிட்டேன். காலரை உள்பக்கம் முதல்ல தேய்க்கோணும், அப்புறம் வெளிப்பக்கம். மாப்பிள்ளை பனியனோட வந்து பக்கத்துல நிப்பாரு. சட்டையைக் கையில குடுத்தா சூடு ஆறாம அப்படியே மாட்டிக்குவாரு. 'வேண்டாமுங்க மாமா, நான் பார்த்துக்கறேன்'ம்பாரு. 'ஆபீசுக்கு நேரமாச்சு, கிளம்புங்க'ம்பேன். கிளம்பிருவாரு. பால்கனியில நின்னு தெருமுனை திரும்பற வரைக்கும் பார்ப்பேன். அவரு நடையே மாறிருச்சுங்க. மெதுவா, நிதானமா நடப்பாரு. முன்னாடியெல்லாம் தெருவுல ஓடற மாதிரிதான் போவாரு.

சில விசயம் எனக்குப் புரியாமத்தான் இருந்துச்சு. ஏசி ஆபீசுல இருந்து வர்ற ஆளுக்குச் சட்டை முதுகு நனைஞ்சு உப்புப் பூத்திருக்கும். துணி காத்து விடலைன்னு நினைச்சு நல்ல காட்டன் பனியன் வாங்கிக் குடுத்தேன். ஷூவுல எப்பவும் செம்மண்ணு. ஆபீசு வாசல்ல ரோடு தோண்டியிருப்பாங்கன்னு நினைச்சேன், மெட்ராசுல எங்கதான் தோண்டலை. பேண்ட்டு இடுப்பு தளர்ந்து போச்சு. ஆபீசுல மாடிப்படி ஏறி இறங்கி உடம்பைக் குறைச்சுட்டாருன்னு சொல்லி டெய்லர்கிட்டக் கூட்டிட்டுப் போய் ரெண்டு தடவை இடுப்பைப் பிடிச்சுக் குடுத்தேன். காரை வித்துட்டாங்க. பஸ்ஸுல போறதுதான் சௌகரியமாம். எனக்கு அது கூடப் பிடிச்சுதுங்க. நல்லா உடுத்தின மனுசனுக்குக் காரு எதுக்கு? நாலு பேரு பார்க்கற மாதிரி பஸ்ஸுல போனாத்தானே.

ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிக்கலை. வீட்டு வேலைக்கு வந்துட்டிருந்த அம்மாவை நிறுத்திட்டாங்க. மாப்பிள்ளையே பாத்திரம் கழுவறாரு. ஆபீசுச் சட்டையோட கழுவாதீங்கன்னு சொன்னேன், கை மடிப்புல சோப்பு பட்டாப் போகாது. அவரு, 'சரிங்க மாமா'ன்னு போய்ச் சட்டையை மாத்திட்டு வந்து கழுவுனாரு. சொன்ன பேச்சைக் கேக்கற மாப்பிள்ளைங்க.

இந்துதான் ஒருநாள் சமையக்கட்டுல என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'அப்பா, அவரை விட்டுருங்கப்பா'ன்னா.

'நான் என்ன அம்மிணி பிடிச்சா வெச்சிருக்கறேன்?'

'காலையில அந்தச் சட்டையைத் தேய்க்காதீங்க. அது போதும்.'

'அப்புறம் கசங்குன சட்டையோடயா போவாரு?'

அவ என்னமோ சொல்ல வந்தா. அதுக்குள்ள மரகதம் பாத்ரூம் போகக் கூப்பிட்டுட்டா. அதோட போச்சு. பொண்ணுகளுக்குத் தன் புருசனை வேற யாரும் கவனிச்சா ஒரு பொறாமை வருமுங்க, அது இயற்கை.

லீவு நாளுதான் பெரிய பாடு. சனிக்கிழமை ஆச்சுன்னா லுங்கியோட சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவாரு. காலர் டி-ஷர்ட்டுக எல்லாம் மடிப்புக் கலையாம இருக்குது. வாரம் பூரா உழைக்கற மனுசன் லீவு நாள்ல வெளிய போய் நாலு முகத்தைப் பார்க்க வேண்டாமா? நானா எழுப்பி, போடுங்கன்னு சொல்லி, கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவேன். மணல்ல ரெண்டு பேரும் உக்காந்திருப்போம். அவரு தண்ணியவே பார்த்துட்டு இருப்பாரு. 'என்ன மாப்ள யோசனை, ஆபீசு நெனப்பா?'ன்னா, 'ஆமாங்க மாமா'ம்பாரு. வேலையில அவ்வளவு ஈடுபாடு.

இப்படியே பங்குனி முடிஞ்சு சித்திரை வந்துச்சு. எங்க பங்காளி ரத்தினசாமி மகளுக்கு மெட்ராசுலயே ரிசப்ஷன். மாப்பிள்ளை வரலைன்னாரு. இந்துவும் வேண்டாம்ப்பான்னா. நான் விடுவனா? ஊர்ச் சனம் பூரா வருது. என்னோட உழைப்பை நாலு பேரு பார்க்கற நாளு அதுதானே. கருநீலப் பேண்ட்டு, வெள்ளைச் சட்டை, நானே தேய்ச்சுக் குடுத்தேன். மண்டபத்துல நுழையறப்ப ராசா மாதிரி இருந்தாருங்க.

அவரைக் கூட்டிட்டு ஒவ்வொரு மேசையாப் போனேன். ரத்தினசாமி பையன் ரகுராம்னு ஒருத்தன், மாப்பிள்ளை கம்பெனியிலயேதான் வேற பிரிவுல இருக்கறான். அவன் எந்திரிச்சு மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டான். 'நவநீதன், உங்க டீமையே மூடிட்டாங்கன்னு கேள்விப்பட்டதும் கஷ்டமாப் போச்சுங்க. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சில்ல? எங்கயாவது கிடைச்சுதுங்களா?'ன்னு கேக்கறான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'என்னப்பா உளர்ற? தினமும் காலையில நான் சட்டை தேய்ச்சுக் குடுத்து அனுப்பறேன். நேத்து கூட ஆபீசு போனாரு'ன்னேன். மேசையில ஆறேழு பேரு உக்காந்திருக்காங்க. ரத்தினசாமி சம்சாரம் இலையைப் பார்க்கறாங்க. ரகுராம் மூஞ்சி செத்துப் போச்சு. நான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவரு என்னைப் பார்க்கலை. 'மாமா, அத்தைக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போயிரலாமுங்க'ன்னு மட்டும் சொன்னாரு.

வீட்டுக்குள்ள வந்ததும் நான் கேட்டேன். கேக்காம எப்படி இருக்கறது? 'வேலை போறது வர்றது சகஜம் மாப்ள. அதை நான் கேக்கலை. என்னை எதுக்கு ஏமாத்துனீங்க? இத்தனை நாளு நான் எந்த ஆபீசுக்குச் சட்டை தேய்ச்சேன்?'

அவரு உக்காரக் கூட இல்லை. சுவத்துல சாஞ்சு நின்னுட்டே சொன்னாரு. 'கடையில ட்ரையல் ரூம்புல இருக்கறப்பத்தானுங்க மாமா போன் வந்துச்சு. திங்கக்கிழமை லேப்டாப்பைக் கொண்டாந்து குடுத்துருங்கன்னாங்க. வெளிய வந்தா நீங்க இன்னும் ரெண்டு சட்டையோட சிரிச்சுட்டு நிக்கறீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க.'

'அடுத்த நாளு சொல்றது.'

'அதுக்குள்ள எங்க அப்பா வரைக்கும் போன் பண்ணிச் சொல்லீட்டீங்களே.'

அப்புறம் இந்து ஆரம்பிச்சா. அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். பாதி நாளு இன்டர்வியூவாம். மீதி நாளு நூலகத்துல உக்காந்து படிப்பாராம், நூலகம் மூடற நாள்ல ஏரிக்கரையில. 'நீங்க பால்கனியில நின்னு பார்ப்பீங்கன்னுதான்ப்பா அவரு தினமும் கிளம்புனாரு. காய்ச்சலோட கூட ஒருநாள் போனாரு. வெந்துட்டிருந்த உடம்பு மேல சுடச்சுடச் சட்டையை மாட்டி விட்டீங்க'ன்னா. அழுதுட்டே சொல்றா. தன் கல்யாணத்துல கூட அழாத பொண்ணுங்க.

நானும் விடலை. 'காய்ச்சல்னு எனக்கு யாரும் சொல்லலையே. ஒரு ஆம்பளை வீட்டுல சொல்லாம எதுக்கு இப்படித் தெருவுல அலையோணும்?'ன்னேன்.

அப்பத்தான் இந்த மரகதம், இப்பத் தூங்கறா பாருங்க, கட்டில்ல காலை நீட்டிட்டுப் படுத்திருந்தவ, மெதுவாச் சொல்றா. 'ஏனுங்க, மில்லு மூடுனப்ப நீங்க எங்க அலைஞ்சீங்க?'

எந்திரிச்சுப் போய் பால்கனியில நின்னுட்டேன்.

அது ஒரு பழைய விசயமுங்க தம்பி. மில்லை மூடிட்டாங்க. நான் வீட்டுல சொல்லலை. பொண்ணு அப்ப சின்னப் பிள்ளை. வெள்ளைச் சட்டையைப் போட்டு, இன் பண்ணி, எப்பவும் கிளம்பற நேரத்துக்குக் கிளம்பிருவேன். ஒருநாள் ரயில்வே ஸ்டேஷன், ஒருநாள் குளத்துமேடு, ஒருநாள் சிநேகிதன் அச்சாபீசு. எட்டு மாசம். பாலிடெக்னிக்குல வேலை கிடைச்ச பின்னாடி, இது நல்ல இடம்னு மாறிட்டேன்னு சொன்னேன். ஆனா அது வேறீங்க. எனக்குக் குடும்பம் இருந்துச்சு. மானம்னு ஒண்ணு இருந்துச்சு. மாப்பிள்ளைக்கு என்ன, எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?

அடுத்த நாளு காலையில யாரும் எங்கிட்டப் பேசலை. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. கை சும்மா இருக்க மாட்டேங்குது. இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி என் வேட்டியத் தேய்ச்சுட்டு இருந்தேன். மாப்பிள்ளை பனியனோட வந்து பக்கத்துல நின்னாரு. கையில கோடு போட்ட சட்டை. கசங்கிக் கிடக்குது.

'பதினோரு மணிக்கு ஒரு இன்டர்வியூ இருக்குதுங்க மாமா. கிண்டிப் பக்கம். நீங்களும் வர்றீங்களா?'

நான் வாங்கித் தேய்ச்சேன். ரெண்டு பேரும் பஸ்ஸுல போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி ரொம்ப தூரம் நடக்கோணுமுங்க. வழியெல்லாம் செம்மண்ணு. அவரு உள்ள போயிட்டாரு, நான் எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சுல உக்காந்தேன். உள்ள போறதும் வர்றதுமா எவ்வளவு பசங்கங்கறீங்க. எல்லாரும் உங்க வயசு, மாப்பிள்ளை வயசு. அத்தனை பேரும் நல்லா உடுத்தியிருந்தாங்கங்க. வெள்ளைச் சட்டை, நீலச் சட்டை, தேய்ச்ச மடிப்பு, பாலிஷ் போட்ட ஷூ. ஒருத்தன் வெளிய வந்து என் பக்கத்துலயே உக்காந்து டீ கேட்டான். வேர்த்து ஊத்துது. காலர்ல விலைச்சீட்டோட நூலு தொங்கிட்டு இருக்குது. அதைப் பிய்ச்சு விடலாம்னு கையைக் கொண்டு போனேன். அவன் பதறி விலகிட்டான். 'தாத்தா, வேண்டாம், இதை நாளைக்குக் கடையில திருப்பிக் குடுக்கோணும்'னான்.

நான் அவனுக்கு டீக்குக் காசு குடுத்துட்டேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது.

மாப்பிள்ளை வர்றதுக்கு மணி மூணாச்சு. எப்படி இருந்துச்சுன்னு கேக்கலை. வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவரும் சொல்லலை. ஆனா அந்தக் கூட்டத்துல எங்க மாப்பிள்ளை சட்டை மடிப்புதான் எடுப்பா இருந்துச்சு. அதைச் சொல்லாம இருக்க முடியாது.

அந்த வேலை கிடைக்கலீங்க. அதுக்கப்புறம் நாலஞ்சு இடத்துக்குப் போனோம். ஆமா, நானுந்தான் போனேன். கூட வரட்டுமான்னு நானா கேக்கலை, அவரு கூப்பிடுவாரு. டீக்கடையில உக்காந்திருப்பேன். போன வாரம் ஒரு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் பிரிவுல எடுத்துட்டாங்க. முன்னாடி மாதிரி பெரிய இடமில்லை. ஆனா தினமும் போகோணும், நிஜமான ஆபீசு. இதுல வேடிக்கை என்னன்னா, அங்க எல்லாருக்கும் அவங்களே உடுப்புக் குடுத்துடறாங்க. பச்சைக் கலரு டி-ஷர்ட்டு, நெஞ்சுல ஆஸ்பத்திரி பேரு. வாரம் பூரா அதுதான் போடோணுமாம். காலர் வெச்சதுதான், அது வரைக்கும் பரவாயில்லை. நான் எடுத்த சட்டை அத்தனையும் இப்பக் கப்போர்டுல தொங்குது. மாப்பிள்ளை சொன்னாரு, 'லீவு நாளைக்குப் போட்டுக்கறேனுங்க மாமா'ன்னு. ஆபீசுச் சட்டையை லீவு நாளைக்கும், லீவு நாளு டி-ஷர்ட்டை ஆபீசுக்கும் போடறாரு. நான் சொன்னதுக்கு நேர் தலைகீழு. என்ன பண்றது, வாயை மூடிக்கிட்டேன்.

இன்னைக்கு ஸ்டேஷனுக்கு அவருதான் வந்து ஏத்தி விட்டாரு. சந்தனக் கலரு சட்டை, கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுட்டு. மரகதத்தைத் தூக்கி உக்கார வெச்சு, பையெல்லாம் வெச்சு, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து. அந்தக் கையை இறக்கிப் பித்தானைப் போடுங்கன்னு சொல்லலாம்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. வண்டி கிளம்பிருச்சு.

என்னது? மில்லு மூடுனது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா? மரகதத்துக்கா?

அதை ஏன் கேக்கறீங்க. அன்னைக்கு ராத்திரி நான் பால்கனியில இருந்து வந்து படுத்ததும் சொல்றா, மில்லு மூடுனது அவளுக்கு மூணாம் நாளே தெரியுமாம். 'மில்லுச் சங்கு ஊதறது நின்னு போச்சே, சிங்காநல்லூருக்கே தெரியுமே, எனக்குத் தெரியாதுங்களா'ங்கறா. அதெல்லாம் சும்மா. பக்கத்து மில்லுச் சங்கு ஊதிட்டுத்தானே இருந்துச்சு. நம்ம மில்லுச் சங்குக்கும் அந்தச் சங்குக்கும் வித்தியாசம் வீட்டுக்குள்ள இருக்கற பொம்பளைக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளையை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு அந்த நேரத்துக்குச் சொல்லி வெச்சுட்டா. இப்பவும் பாருங்க, தூங்கறவளுக்கு உதடு எதுக்குங்க அப்படி அசையுது? சிரிக்கற மாதிரி. கனவா இருக்கும்.

மெதுவாச் சொல்றேன். அவளுக்குத் தெரியாதுங்கறதுக்கு எங்கிட்ட ஆதாரமே இருக்குது தம்பி. அந்த எட்டு மாசமும் ஒருநாள் தவறாம எனக்கு மத்தியானச் சாப்பாட்டு டப்பா கட்டிக் குடுத்தா. அதுக்கு முன்னாடி சோறும் குழம்பும்தான் இருக்கும். அந்த மாசங்கள்லதான் ஒரு முட்டையும் சேர்த்து வெப்பா, அவ தின்னாம எனக்கு. வேலை இல்லாத ஆளுன்னு தெரிஞ்சா யாராவது அப்படிக் கட்டிக் குடுப்பாங்களா, நீங்களே சொல்லுங்க.